பத்துக் கீற்று

பிரம்டனிலிருந்து மச்சாள் அனுப்பின பெட்டிக்குள்
மூன்று சோடி சப்பாத்து, ஒரு ரின் மா,
இரத்தம் பார்க்கப் பத்துக் கீற்று.
ரின்னில் இருந்ததை இவர் எழுத்துக்கூட்டினார்:
கீற்றோன்.
"ஆரோ பழைய புலவற்றை பேர் மாதிரியெல்லோ கிடக்கு."

இவர் கொழும்புக்கு இரவு பஸ் ஓடுபவர்.
வயிறு ஸ்ரியரிங்கைத் தொட்டு இரண்டு வருடம்.
குடித்தால் கொழுப்பு எரியுமாம்,
நித்திரை கிட்ட வராதாம்,
மச்சாள் சொன்னது.
நான் ஆஸ்பத்திரி வீதி ஆய்வுகூடத்தில்
பகல் முழுக்க ஊராரின் இரத்தத்தோடு இருப்பவள்.
வீட்டில் ஒருவர் தானாக விரல் நீட்டினால் விடுவேனா?

திங்கள் பின்னேரம், குடிக்க முன்: தசம் ஒன்று.
முதல் மிடறில் முகம் சுருங்கியது.
"கடல்தண்ணிக்குள்ள பனடோல் கரைச்சவங்கள்."
அரை மணித்தியாலத்தில் தசம் ஒன்பது.
ஒரு மணித்தியாலத்தில் ஒன்று தசம் நான்கு.
சீனி நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது.
சோதனை பாஸான பொடியன் மாதிரிச் சிரித்தார்.
பசியில்லை என்றார்.
புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடினபடி கிடந்தன.

பிறகு வயிறு இரைந்தது.
இரண்டுதரம் ஓடினார்.
கோண்டாவில் பயணிகள் எட்டு நிமிடம்
வீதியில் காத்து நின்றார்கள்.

ஈரலுக்கு இந்த வேலை தெரியும்.
சோறு வராத நாளில்
உள்ளறையைத் திறந்து, கொழுப்பை உருக்கி,
மூளைக்கு விளக்கேற்றும்.
இப்போது விளக்கு எரிகிறது,
உள்ளறை பூட்டியபடி.
எண்ணெய் கனடாவிலிருந்து வந்துவிட்டதே,
கொழுப்புக்கு லீவு.
தையல் நாடா பிடித்துப் பார்த்தேன்,
முப்பத்தொன்பதரை.
மூன்று கிழமை போயும் முப்பத்தொன்பதரை.
ரின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் உப்பின் கணக்கு.
பிறஷர் மட்டும் சொன்னபடி ஏறியது.

நாலு மணித்தியாலம் கழிந்தால்
எல்லாம் பழையபடி தசம் ஒன்று.
ஒரு லீவு நாள் முழுக்க இருத்தி அதையும் பார்த்தேன்.
அதிலேயே நாலு கீற்றுப் போனது.

கீற்றோன்களில் ஒருவன் இரத்தத்தில் தங்கமாட்டான்,
மூச்சோடு வெளியே வருவான்.
மணத்தால் பிடிக்கலாம்.
மிஞ்சிப் பழுத்த பழத்தின் மணம்.

எனக்குப் பதினொரு வயது.
வன்னியில், பங்கருக்குள், அப்பாவின் தோளில்
தலை வைத்துப் படுத்திருந்தேன்.
தன் கஞ்சியைத் தம்பியின் கோப்பைக்குள்
அவர் ஊற்றத் தொடங்கிப் பல நாள்.
அவர் வாயில் பழம் மணத்தது.
எங்கேயோ வாங்கி
எங்களுக்குத் தராமல் தின்றிருக்கிறார் என்று நினைத்தேன்.
அவர் கண்ணயர்ந்ததும் சட்டைப்பையைத் துழாவினேன்.
அடையாள அட்டை இருந்தது, நூல் சுற்றி.
வேறொன்றுமில்லை.
இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

படிக்கிற காலம், இரண்டாம் வருடம்,
பட்டினியும் மூச்சும் என்று ஒரு பக்கம் வந்தது.
வகுப்புக்கு வெளியே வந்து போன் எடுத்தேன்.
"என்ன பிள்ளை?" என்றார் அப்பா.
ஒண்டுமில்லை என்றேன்.
"சாப்பிட்டியோ?" என்றார்.

ஒன்பது கீற்று முடிந்துவிட்டது.
ரின்னில் முக்கால்வாசி மா அப்படியே,
எறும்பு கூட அண்டவில்லை.
மிஞ்சின கீற்றை ஆருக்கு வைப்பதென்று தெரியாமல்
தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு பன்னிரண்டு மணிக்கு, வவுனியாவிலிருந்து இவர்.
"இண்டைக்கும் குடிச்சனீங்களோ?"
"இல்லையப்பா. ரெண்டு ரோல்ஸ், ஒரு பிளேன்ரீ.
இப்ப இதரைப்பழம்."
மென்றபடிதான் கதைத்தார்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்,
தோலை எங்கேயோ எறிந்து
பஸ்ஸை ஸ்ராட் பண்ணும் வரைக்கும்.